சைல்ட் தீம் போட்டபின் தளம் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மதுரையில் பத்துப் பன்னிரண்டு பேருடைய வேர்ட்பிரஸ் தளங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். சுங்குடிச் சேலைக் கடை ஒன்று, டியூஷன் சென்டர் ஒன்று, மேலூர்ப் பக்கம் விதை வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்று கலவையான கூட்டம். இவர்களில் அதிகம் போன் செய்பவர் ஆசிரியர்தான். மாங்குளம், கீழக்குயில்குடி, யானைமலை என்று மலை மலையாக ஏறி, சமணர் படுக்கைகளையும் தமிழிக் (தமிழ்-பிராமி) கல்வெட்டுகளையும் பற்றி எழுதுகிறவர்.

ஒரு நாள் விடிகாலையில் அழைத்தார். "தம்பி, ராத்திரி தீம் அப்டேட்டுன்னு காட்டுச்சு, அமுக்கிவிட்டேன். காலையில பார்த்தா நான் போட்ட கலரு, பெட்டி எதையும் காணோம்."

"சார், மாத்தினதையெல்லாம் தீம் ஃபைல்லயேவா எழுதுனீங்க?"

"வேற எங்கிட்டு எழுதறது?"

அன்றைக்குத்தான் அவருக்கு சைல்ட் தீம் போட ஆரம்பித்தோம். நானே செய்வேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். அதில் வந்த கோளாறுகளும், மற்றவர்கள் தளங்களில் நான் பார்த்தவையும்தான் கீழே இருக்கின்றன. உங்கள் தளத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

சைல்ட் தீமைப் பேரன்ட் தீமின், அதாவது நீங்கள் முதலில் போட்ட அசல் தீமின், ஜெராக்ஸ் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது. பேரன்ட்டிலிருந்து எது மாற வேண்டுமோ அது மட்டும் இருக்கிற சின்ன ஃபோல்டர் அது. பக்கத்தைக் காட்ட ஒரு டெம்ப்ளேட் ஃபைல் தேவைப்பட்டால் வேர்ட்பிரஸ் முதலில் சைல்டில் தேடும். அங்கே இல்லையென்றால் பேரன்ட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். அதனால் எந்தக் கோளாறோடு யார் வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: இப்போது வேர்ட்பிரஸ் படித்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது? கணினியில் தளத்தைத் திறந்து கண்ட்ரோலையும் யு எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் பக்கத்தின் மூலம் வரும். அதில் 'தீம்ஸ்' என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலும் எந்தத் தீமின் ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று முகவரியிலேயே இருக்கும்.

ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். கை வைக்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். கூட்டம் வரும் நேரத்தில் தொடவும் வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில்தான் ஆசிரியரின் அழகர்மலைக் கட்டுரையைத் தேடி ஆள் வரும். அந்த வாரம் அவர் போனை எடுத்து "ஒரு சின்ன மாற்றம்" என்றாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஜிப் ஏற மறுக்கிறது; 'ஸ்டைல்ஷீட் இல்லை' என்கிறது

காசு கொடுத்து வாங்கிய தீம் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்: நீங்கள் இறக்கிய ஜிப் தீமே அல்ல, மொத்தப் பொட்டலம். உள்ளே லைசன்ஸ், கையேடு, பேரன்ட் ஜிப், சைல்ட் ஜிப் எல்லாம் தனித்தனியாக இருக்கும். வெளி ஜிப்பை விரித்து, முதலில் பேரன்ட்டை ஏற்றுங்கள், பிறகு சைல்டை.

நீங்களே செய்த சைல்ட் என்றால், ஜிப்பைத் திறந்ததும் ஒரு ஃபோல்டர், அதற்குள் நேராக 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' இருக்க வேண்டும். விண்டோஸில் விரித்து மறுபடி சுருட்டும்போது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் நோட்பேடைச் சந்தேகப்படுங்கள். ஆசிரியர் சேமித்தது 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்.டிஎக்ஸ்டி'. விண்டோஸ் வழக்கமான வால்களை மறைத்துவிடுவதால் அவர் கண்ணுக்கு 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' என்று மட்டும்தான் தெரிந்தது. எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் என்பதை டிக் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

'நீங்கள் வந்த இணைப்பு காலாவதியாகிவிட்டது' என்ற பொருளில் செய்தி வந்தால் எந்த இணைப்பும் காலாவதியாகவில்லை. ஜிப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். சர்வரில் பிஎச்பி அனுமதிக்கும் அளவை அது தாண்டிவிட்டது. ஹோஸ்டிங் பேனலில் அந்த அளவைக் கூட்டுங்கள், அல்லது ஃபைல் மேனேஜர் வழியாக 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'தீம்ஸ்' ஃபோல்டரில் நேரடியாக ஏற்றி விரித்துவிடுங்கள். சைல்ட் தீம் சில கேபிதான் இருக்கும் என்பதால் இந்தச் செய்தி அநேகமாகப் பேரன்ட்டை ஏற்றும்போதுதான் வரும்.

ஏறிவிட்டது, ஆனால் 'பேரன்ட் தீம் காணவில்லை' என்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சைல்டின் 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' ஃபைலின் தலையில் ஒரு குறிப்புப் பகுதி இருக்கும். அதில் இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும். 'தீம் நேம்' என்ற வரியில் நீங்கள் விரும்பும் பெயர் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். ஆசிரியர் தன்னுடையதற்கு 'கற்படுக்கை' என்று வைத்தார், டாஷ்போர்டில் அழகாகவே தெரிகிறது. 'டெம்ப்ளேட்' என்ற வரியில் மட்டும் விளையாட்டு கூடாது. பேரன்ட் தீமின் ஃபோல்டர் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே அங்கே இருக்க வேண்டும். தீமின் பெயர் வேறு, ஃபோல்டரின் பெயர் வேறு.

ஆசிரியர் பயன்படுத்துவது 2020 டிசம்பரில் வந்த ட்வென்ட்டி ட்வென்ட்டி-ஒன். திரையில் அந்தப் பெயர் இடைவெளியும் நடுக்கோடும் பெரிய எழுத்தும் சேர்த்துத் தெரியும். சர்வரில் ஃபோல்டரோ எல்லாம் ஒட்டி, எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். அவர் திரையில் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டார். நான் சொன்னபின் ஒட்டி எழுதினார், முதல் எழுத்தை மட்டும் பெரிதாக விட்டுவிட்டார். வீட்டில் அவர் கணினியிலிருக்கும் எக்ஸாம்ப்பில் (சொந்தக் கணினியையே சர்வர் போல ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) அது ஓடியது! விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. ஹோஸ்டிங் சர்வர் லினக்ஸ், அது பார்க்கும். 'வீட்டில் ஓடுது, நெட்டில் ஓடலை' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

கிட்ஹப்பிலிருந்து இறக்கிய பேரன்ட் என்றால் ஃபோல்டர் பெயரின் கடைசியில் 'மாஸ்டர்' அல்லது 'மெயின்' என்று வால் ஒட்டியிருக்கும். அதை நீக்கிப் பெயரைச் சுத்தமாக்குங்கள்.

எழுத்துப்பிழையைத் திருத்திய பிறகும் பழைய குறையே தெரிகிறதா? சைல்டை ஏற்கெனவே ஆக்டிவேட் செய்திருந்தால், அப்போது இருந்த பேரன்ட் பெயரை வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கும். வேறு ஏதாவது தீமுக்கு ஒரு நிமிடம் மாறி, மறுபடி சைல்டை ஆக்டிவேட் செய்யுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளத்தில் திடீரென்று இந்தச் செய்தி வந்தால், யாரோ பேரன்ட்டை அழித்துவிட்டார்கள். சைல்ட் ஓடும்போது அதன் பேரன்ட்டுக்கு டாஷ்போர்டில் டிலீட் பொத்தானே வராது. ஆகவே கை வைத்தது ஃபைல் மேனேஜரில்தான். 'பயன்படுத்தாத தீம்தானே, இடம் அடைக்குது' என்று டியூஷன் சென்டரில் ஒரு தம்பி அப்படித்தான் தூக்கிப்போட்டான். பேரன்ட்டை மறுபடி ஏற்றினால் தளம் திரும்பிவிடும்.

ஆக்டிவேட் செய்ததும் தளம் வேட்டி உருவின மாதிரி ஆகிவிட்டது

எழுத்து மட்டும் வரிசையாக நிற்கும், மெனு புள்ளிப் பட்டியலாகக் கிடக்கும், நிறம் ஒன்றும் இருக்காது. பேரன்ட்டின் ஸ்டைல் ஃபைல் வரவில்லை என்று அர்த்தம். பக்க மூலத்தைத் திறந்து 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். சைல்ட் ஃபோல்டரிலிருந்து மட்டும் வந்தால் இந்தக் கோளாறு. பேரன்ட்டிலிருந்து மட்டும் வந்தால் தளம் பழையபடியே இருக்கும், ஆனால் உங்கள் மாற்றம் எதுவும் தெரியாது. இரண்டிலிருந்தும், பேரன்ட் முதலிலும் சைல்ட் பிறகும் வந்தால் சரி.

ஏன் தீமுக்குத் தீம் மாறுகிறது என்றால், தன் ஸ்டைல் ஃபைலைத் தீம் எப்படிக் கூப்பிடுகிறது என்பதைப் பொறுத்தது. 'கெட் ஸ்டைல்ஷீட் யூஆர்ஐ' என்ற செயற்கூறு (ஃபங்ஷன்), எந்தத் தீம் ஆக்டிவாக இருக்கிறதோ அதன் ஸ்டைலைத் தரும். ட்வென்ட்டி செவன்டீன் இதைத்தான் பயன்படுத்துகிறது. சைல்ட் ஆக்டிவ் ஆனதும் பேரன்ட் தன் ஸ்டைலைக் கேட்டாலும் கையில் கிடைப்பது சைல்டின் ஸ்டைல்! ட்வென்ட்டி ட்வென்ட்டி-ஒன் அப்படியில்லை. 'கெட் டெம்ப்ளேட் டைரக்டரி யூஆர்ஐ' என்று எழுதித் தன் ஃபோல்டரையே பிடித்துக்கொள்கிறது. அதனால் அதில் பேரன்ட் ஸ்டைல் தானாக வரும், சைல்ட் ஸ்டைலை நாம்தான் கூப்பிட வேண்டும். நெட்டில் கிடைக்கும் ஒரே துண்டை எல்லாத் தீமுக்கும் ஒட்டுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒட்டும் முன் பேரன்ட்டின் 'ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி' ஃபைலைத் திறந்து, இரண்டில் எது இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

சரிசெய்ய: சைல்ட் ஃபோல்டரில் 'ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி' ஒன்று வைத்து, 'டபிள்யூபி என்க்யூ ஸ்க்ரிப்ட்ஸ்' என்ற கொக்கியில் (ஹுக்) உங்கள் செயற்கூறை மாட்டுங்கள். அதற்குள் 'டபிள்யூபி என்க்யூ ஸ்டைல்' கட்டளையால் விடுபட்ட ஃபைலைக் கூப்பிடுங்கள். சைல்ட் ஸ்டைலைக் கூப்பிடும்போது, அது சார்ந்திருக்கும் ஃபைல் என்ற இடத்தில் பேரன்ட் ஸ்டைலின் ஹேண்டிலை, அதாவது வேர்ட்பிரஸ் அதற்கு உள்ளே வைத்திருக்கும் பெயரை, கொடுங்கள். வரிசை தானாகச் சரியாகும். ஹேண்டிலை எங்கே பிடிப்பது? பக்க மூலத்தில் அந்த ஸ்டைல் வரியில் ஒரு ஐடி இருக்கும். அதன் கடைசியில் உள்ள '-சிஎஸ்எஸ்' என்ற வாலை வெட்டினால் மிச்சம் ஹேண்டில்.

பழைய கட்டுரைகளில் சைல்ட் ஸ்டைலின் முதல் வரியில் 'இம்போர்ட்' போடச் சொல்லியிருப்பார்கள். ஓடும். ஆனால் பிரவுசர் சைல்ட் ஃபைலைப் படித்து முடித்த பிறகுதான் பேரன்ட்டை இறக்கப் போகும். மலை அடிவாரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்கிறவருக்கு அந்தத் தாமதம் தெரியும். வேண்டாம்.

ஃபைலை மாற்றினேன், தளத்தில் மாறவில்லை

கேஷ் (வேகத்துக்காகச் சேமித்து வைத்த பழைய நகல்) என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி நேரம் சரிதான். போனில் இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அங்கே மாறியிருந்தால் கேஷ். கேஷ் பிளகின் இருந்தால் அதைக் காலி செய்யுங்கள், ஹோஸ்டிங்காரர்கள் தனியாக ஒரு கேஷ் வைத்திருந்தால் அதையும். நிரந்தர வழி, சைல்ட் ஸ்டைலைக் கூப்பிடும்போது வெர்ஷன் எண்ணைச் சைல்டின் தலைப்புக் குறிப்பிலிருந்தே எடுக்கச் சொல்வது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த எண்ணை 1.0, 1.1 என்று கூட்டினால் பிரவுசர் புதிதாக இறக்கும்.

இன்காக்னிட்டோவிலும் மாறவில்லையென்றால் கேஷைத் திட்டிப் பயனில்லை. பக்க மூலத்துக்குப் போங்கள். சைல்டின் வரி பேரன்ட்டுக்கு முன்னால் இருந்தால், ஒரே பலமுள்ள விதிகளில் பின்னால் வருவது ஜெயிக்கும் என்பதால் பேரன்ட்தான் ஜெயிக்கும். சைல்டின் 'ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி' பேரன்ட்டினுடையதற்கு முன்னால் ஓடுகிறது என்பதே இதற்குக் காரணம். ஹேண்டிலைச் சார்பாகக் கொடுங்கள், அல்லது கொக்கியில் மாட்டும்போது முன்னுரிமை எண்ணை இயல்பான 10-லிருந்து 20 ஆக்குங்கள்.

வரிசையும் சரி, ஒரு நிறம் மாறுகிறது, இன்னொன்று மாறவில்லை என்றால் பேரன்ட்டின் விதி இன்னும் குறிப்பானது. எஃப்12 அமுக்கி அந்த எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தால் உங்கள் விதி அடித்துக் கோடு போட்டிருக்கும், மேலே ஜெயித்த விதி தெரியும். அந்த விதியின் தேர்வியை (செலக்டர்) அப்படியே உங்கள் ஃபைலில் எழுதி அதற்குள் நிறத்தை மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் 'இம்பார்ட்டன்ட்' போடும் பழக்கம் வந்துவிட்டால் ஆறு மாதத்தில் உங்கள் ஃபைலோடு நீங்களே மல்லுக்கட்டுவீர்கள். ஆசிரியர் ஃபைலில் ஒரு காலத்தில் நாற்பது இருந்தன.

வெள்ளைத் திரை, அல்லது 'தளத்தில் கடுமையான பிழை'

பதற வேண்டாம். பதிவுகள் டேட்டாபேஸில் இருக்கின்றன, ஒன்றும் போகவில்லை. பெரும்பாலும் சைல்டின் 'ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி'தான் குற்றவாளி.

2019 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 5.2 வெர்ஷனிலிருந்து, இப்படி ஆனால் நிர்வாகியின் மெயிலுக்கு ஒரு மீட்பு இணைப்பு வரும்; ஒரு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். எந்த ஃபைலில் எந்த வரி என்றும் அதில் இருக்கும். ஸ்பாமில் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் 'தீம்ஸ்' ஃபோல்டருக்குள் சைல்டைத் திறந்து, 'ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி' என்ற பெயரின் முன்னால் ஒரு எக்ஸ் சேர்த்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் அதைக் கண்டுகொள்ளாது, தளம் எழுந்துவிடும். அப்புறம் நிதானமாகக் காரணம் தேடலாம்.

முதல் காரணம், பேரன்ட்டின் 'ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி'யை முழுசாக சைல்டுக்குள் நகலெடுத்தது. டெம்ப்ளேட் ஃபைல் மாதிரி இதுவும் பேரன்ட்டை மறைத்துவிடும் என்று நினைத்துச் செய்வார்கள். இந்த ஃபைல் அப்படியில்லை. இரண்டுமே ஓடும், சைல்ட் முதலில், பேரன்ட் அடுத்து. ஒரே பெயரில் செயற்கூறு இரண்டு முறை வந்ததும் பிஎச்பி நின்றுவிடும். பிழைச் செய்தியில் பேரன்ட்டின் ஃபைல்தான் குற்றவாளி மாதிரித் தெரியும், ஏனென்றால் இரண்டாவதாக வந்தது அது. அதை நம்பிப் பேரன்ட்டில் கை வைக்காதீர்கள். சைல்ட் ஃபைலைக் காலி செய்து, உங்களுக்கு வேண்டிய வரிகளை மட்டும், வேறு பெயரில் எழுதுங்கள். செயற்கூறின் பெயருக்கு முன்னால் உங்கள் தளத்தின் சுருக்கம் ஒன்றை ஒட்டிவிட்டால் மோதல் வராது.

இரண்டாவது, எங்கிருந்தோ நகலெடுத்த துண்டில் மேற்கோள் குறிகள் வளைந்திருப்பது. வாட்ஸ்அப்பிலும் வேர்டிலும் நேரான குறிகள் தானாக வளைந்துவிடும், பிஎச்பிக்கு அவை புரியாது. அழித்துக் கையால் அடித்தால் போதும். இதைச் சொல்லும்போதெல்லாம் ஆசிரியருக்குச் சந்தோஷம்: "பாத்தியா, நிறுத்தற்குறி முக்கியம்னு நாற்பது வருஷமா கத்துனேன்."

மூன்றாவது, தொடக்க பிஎச்பி குறிக்கு முன்னால் காலி வரியோ மறைந்த எழுத்தோ இருப்பது. இது தளத்தை முழுதாகச் சாய்க்காது, ஆனால் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்ற எச்சரிக்கை வரும், லாகின் மக்கர் செய்யும். பழைய விண்டோஸ் நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று சேமித்தால் முன்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் (இதைத்தான் பிஓஎம் என்பார்கள்) ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்து அன்சி என்று சேமித்தாலோ, நீங்கள் எழுதிய தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். நோட்பேட்++ வைத்துக்கொண்டு, பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 என்று சேமியுங்கள். இரண்டு தொல்லையும் தீர்ந்தது.

எதுவும் பிடிபடவில்லையென்றால் 'டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி'யில் 'டபிள்யூபி டீபக்', 'டபிள்யூபி டீபக் லாக்' இரண்டையும் ட்ரூ ஆக்கி, 'டபிள்யூபி டீபக் டிஸ்ப்ளே' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். பிழைகள் பார்வையாளர் கண்ணில் படாமல் 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டரில் 'டீபக்.லாக்' என்ற ஃபைலில் சேரும். வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டு அந்த ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

லோகோ, நிறம், மெனு காணோம்

தோற்றத்தை மாற்றும் கஸ்டமைசர் பக்கத்தில் வைத்த அமைப்புகளை வேர்ட்பிரஸ் தீமுக்குத் தனித்தனியாகச் சேமிக்கிறது. சைல்ட் அதன் கண்ணுக்குப் புதுத் தீம். பழைய அமைப்பு அழியவில்லை. பேரன்ட்டுக்கு மாறினால் அப்படியே இருக்கும். மெனு பல நேரம் தானே இடத்தில் உட்காரும், இல்லையென்றால் மெனு பக்கத்தில் இடத்தை மறுபடி டிக் செய்தால் போதும். விட்ஜெட்டுகள் 'செயலற்றவை' பகுதியில் கிடக்கும், இழுத்துவிடுங்கள்.

அமைப்புகள் நிறைய இருந்தால், பேரன்ட்டில் இருக்கும்போதே கஸ்டமைசர் எக்ஸ்போர்ட்/இம்போர்ட் என்ற பிளகினால் வெளியே எடுத்து, சைல்டுக்கு மாறி உள்ளே இறக்கலாம். 'கூடுதல் சிஎஸ்எஸ்' பெட்டியில் எழுதியிருந்ததை மட்டும் நான் அங்கே மறுபடி ஒட்டுவதில்லை. சைல்டின் ஸ்டைல் ஃபைலுக்கே கொண்டுபோய்விடுவேன். புதுத் தளம் என்றால் முதல் நாளே சைல்டைப் போட்டுவிட்டு அப்புறம் லோகோ வையுங்கள். இந்தத் தலைப்பே உங்களுக்குத் தேவைப்படாது.

டெம்ப்ளேட்டை நகலெடுத்து மாற்றினேன், கண்டுகொள்ளவே இல்லை

ஆசிரியருக்கு ஒவ்வொரு கட்டுரையின் தலைப்புக்குக் கீழும் ஒரு பெட்டி வேண்டும்: எந்த ஊர், எந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து போக வேண்டும், எவ்வளவு ஏற்றம். 'சிங்கிள்.பிஎச்பி'யை நகலெடுத்துப் பார்த்தார், உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. ட்வென்ட்டி ட்வென்ட்டி-ஒன்னில் உண்மையான சரக்கு 'டெம்ப்ளேட்-பார்ட்ஸ்' ஃபோல்டருக்குள் 'கன்டென்ட்' ஃபோல்டருக்குள் 'கன்டென்ட்-சிங்கிள்.பிஎச்பி'யில் இருக்கிறது. அதை எடுத்துச் சைல்டில் வெளியிலேயே வைத்தார். வேர்ட்பிரஸ் தேடும் பாதை அதே பாதைதான். சைல்டிலும் அந்த இரண்டு ஃபோல்டரையும் உருவாக்கி அதற்குள் வைத்ததும் பெட்டி வந்துவிட்டது.

பாதை சரியாக இருந்தும் கண்டுகொள்ளாத ஃபைல்களும் உண்டு. அதே தீமில் 'இன்க்' ஃபோல்டரில் இருப்பவற்றைப் பேரன்ட் தன் ஃபோல்டர் முகவரியைச் சொல்லி 'ரிக்வயர்' செய்கிறது. சைல்டில் நகல் வைத்தாலும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அந்தச் செயற்கூறு 'இந்தப் பெயர் ஏற்கெனவே இல்லையென்றால்' என்ற நிபந்தனைக்குள் எழுதப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம்: அதே பெயரில் உங்கள் சைல்டின் 'ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி'யில் எழுதிவிடுங்கள், உங்களுடையது முதலில் ஓடும், பேரன்ட் ஒதுங்கிக்கொள்ளும். கட்டுரையின் தேதியைக் காட்டும் செயற்கூறு அப்படித்தான் இருக்கிறது. நிபந்தனை இல்லையென்றால் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டு உங்களுடையதை மாட்ட வேண்டும்.

எழுத்துருவோ படமோ வரவில்லை. கட்டம் கட்டமாகத் தெரிகிறது

நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் கல்வெட்டைப் பற்றி எழுதும்போது, பிராமி எழுத்துகளையே யூனிகோடில் இட்டிருந்தார் ஆசிரியர். அவர் விண்டோஸ் கணினியில் தெரிந்தது, அவர் தம்பியின் பழைய போனில் வெறும் கட்டம். அந்தப் போனில் பிராமி எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் பிராமியை இறக்கிச் சைல்டுக்குள் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் வைத்தோம். அப்போதும் கட்டம். எஃப்12-இல் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால் 404 என்று சிவப்பாக ஒரு வரி. பேரன்ட்டின் ஃபோல்டரில் போய்த் தேடிக்கொண்டிருந்தது!

'டெம்ப்ளேட் டைரக்டரி' என்று வரும் செயற்கூறுகள் எப்போதும் பேரன்ட்டைக் காட்டும். 'ஸ்டைல்ஷீட் டைரக்டரி' என்று வருபவை சைல்டைக் காட்டும். பெயரைப் பார்த்து யாராலும் இதை ஊகிக்க முடியாது, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஸ்டைல் ஃபைலுக்குள் எழுதும்போது இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பாதை அந்த ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும்.

தமிழ்த் தலைப்புகளின் தலையோ காலோ வெட்டுப்பட்டால் அது எழுத்துருவின் குறை இல்லை. ஆங்கிலத்துக்காகச் செய்த தீம்களில் தலைப்பின் வரி உயரத்தை நெருக்கமாக வைத்திருப்பார்கள். 'ஸ்ரீ', 'கீ' மேலே இடிக்கும், 'ஞு', 'கூ' கீழே இடிக்கும். சைல்டில் தலைப்புகளுக்கு 'லைன்-ஹைட்' 1.5 கொடுங்கள். எழுத்துகள் அகன்று நின்றால் 'லெட்டர்-ஸ்பேசிங்' மதிப்பைப் பூஜ்யமாக்குங்கள். சாய்வெழுத்தை நான் எல்லாத் தமிழ்த் தளத்திலும் எடுத்துவிடுவேன். பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது, பார்க்கச் சகிக்காது. எழுத்துரு தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கூகுள் ஃபான்ட்ஸில் 'ஹிந்த் மதுரை' என்றே ஒன்று இருக்கிறது. சேலைக் கடைத் தளத்தில் அதைத்தான் போட்டேன், பெயரைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் வேறு எதையும் பார்க்கவில்லை.

பிளாக் தீமில் எதை எழுதினாலும் மாறவில்லை

பக்கத்தின் எல்லாப் பகுதியையும் பிளாக்குகளாக சைட் எடிட்டரில் மாற்றக்கூடியது பிளாக் தீம். 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 வெர்ஷனோடு ட்வென்ட்டி ட்வென்ட்டி-டூ என்ற பிளாக் தீம் வந்தது. அந்த வகைத் தீம்களில் நிறம், எழுத்துரு எல்லாம் பெரும்பாலும் 'தீம்.ஜேசன்' ஃபைலில் இருக்கும். சைல்டிலும் ஒன்று வைத்தால் பேரன்ட்டினுடையதோடு கலந்து, மோதும் இடத்தில் சைல்ட் ஜெயிக்கும். ஒரு காற்புள்ளி கூடுதலாக விழுந்தால் மொத்த ஃபைலும் வேலை செய்யாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆனால் சைட் எடிட்டரில் கையால் செய்த மாற்றங்கள் டேட்டாபேஸில் இருக்கும்; ஃபைலில் என்ன எழுதினாலும் அவைதான் மேலே நிற்கும். விதைக்கடை அண்ணன் தளத்தில் ஒரு மத்தியானம் முழுக்க ஃபைலைத் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டுத்தான் இது எனக்கு உறைத்தது. சைட் எடிட்டரில் அந்த டெம்ப்ளேட்டின் மூன்று புள்ளி மெனுவில் ரீசெட் கொடுத்தால் ஃபைல் பேசும். அந்த மாற்றங்களும் தீமுக்குத் தனி என்பதால் சைல்டுக்கு மாறியதும் காணாமல் போகும். மாறும் முன் கிரியேட் பிளாக் தீம் என்ற பிளகினால் அவற்றையே சைல்டாக எழுதி எடுத்துக்கொள்ளலாம்.

பேரன்ட்டை அப்டேட் செய்தபின் ஒரு பக்கம் மட்டும் கோணலாகிறது

நீங்கள் நகலெடுத்த டெம்ப்ளேட் பழையதாகிவிட்டது. பேரன்ட் புதிய ஃபைலோடு வந்திருக்கிறது, வேர்ட்பிரஸ் இன்னும் உங்கள் சைல்டின் பழைய நகலையே படிக்கிறது. சைல்டில் அந்த ஃபைலின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிப் பாருங்கள். பக்கம் நேரானால், பேரன்ட்டின் புதிய ஃபைலை மறுபடி நகலெடுத்து உங்கள் மாற்றத்தை மட்டும் அதில் திரும்ப எழுதுங்கள். ஆன்லைன் கடைக்கான வூகாமர்ஸ் பிளகின் வைத்திருப்பவர்களுக்கு அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தின் கீழே எந்த நகல்கள் பழையவை என்று பட்டியலே வரும்.

ஆசிரியரின் சைல்டில் இப்போது இருப்பவை நான்கு ஃபைல்: ஸ்டைல், ஃபங்ஷன்ஸ், பஸ் பெட்டி இருக்கும் அந்த ஒரு டெம்ப்ளேட், பிராமி எழுத்துரு. டெம்ப்ளேட்டில் தான் சேர்த்த வரிகளுக்கு மேலும் கீழும் 'இங்கே ஆரம்பம்', 'இங்கே முடிவு' என்று கருத்துரை எழுதி வைத்திருக்கிறார். போன அப்டேட்டின்போது அந்த வரிகளைப் புதிய நகலில் அவரே ஒட்டிவிட்டு, சாயங்காலம்தான் எனக்குப் போன் செய்தார்.